கை நடுங்குகிறது, மேசையில் சிரிக்கிறார்கள்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. தனியார் கம்பெனி வேலை, பிடித்தம் போக 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். ஆறு வருடமாகப் போக்கர் ஆடுகிறார். முதலில் ஆன்லைனில், சின்னத் தொகைக்கு. ஒவ்வொரு ஆட்டத்தின் வரவு செலவையும் எக்ஸெல்லில் ஏற்றிவைக்கும் பழக்கம் உள்ளவர். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் செயலிகள் எல்லாம் நின்றுபோனதும், நண்பர் ஒருவர் அவரை ஒரு அப்பார்ட்மென்ட்டில் நடக்கும் சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். 100/200 பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை), 20,000 ரூபாயோடு உட்கார வேண்டும். ஐந்து மாதத்தில் சுமார் 120 மணி நேரம் ஆடி 1,20,000 ரூபாய் ஜெயித்தார்.

அப்புறம் அந்தக் குழு 500/1000 மேசைக்கு ஏறியது. உட்காரவே ஒரு லட்சம். கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பலில் இரண்டு தடவை, ஊரில் ஒரு தடவை. மூன்று தடவையில் 3,20,000 ரூபாய் போய்விட்டது. ஜெயித்த 1,20,000 போக மீதி இரண்டு லட்சம், வீட்டு அட்வான்ஸுக்காக ஏலத்தில் எடுத்துவைத்த ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டுப் பணத்திலிருந்து. போக்கர் ஆடுவது மனைவிக்குத் தெரியும், தொகை தெரியாது.

பணத்தைவிட அவரை அதிகமாகக் குடைவது இன்னொன்று. கோவாவில் ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம். அவரிடம் இரண்டு குயின். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டில் நான்காவது வரை அவர்தான் பந்தயம் கட்டிவந்தார். கடைசியில் ஒரு ஏஸ் விழுந்தது; எதிராளியிடம் இன்னொரு ஏஸ் இருந்தால் குயின் ஜோடி தோற்றுவிடும். பாட் எனப்படும் பொதுப் பந்தயப் பணத்தில் 48,500 இருந்தது. எதிரில் இருந்தவர் 48,000-ஐத் தள்ளினார். இவர் இரண்டு நிமிடம் யோசித்து ஃபோல்டு செய்தார், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகினார். எதிராளி தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார், ஒன்றுமே இல்லை. "வாத்தியாருக்குக் கை நடுங்குது பாருங்கடா" என்று மேசையே சிரித்தது. அடுத்த தடவை ஊரில் ஆடியபோது, கையில் எதுவும் இல்லாமல் 50,000 ரூபாய் பாட்டுக்கு 70,000-ஐ ஆல்-இன் (முன்னால் இருந்தது முழுவதையும்) தள்ளினார். எதிராளி கால் செய்தார், அதாவது அதே தொகையைக் கட்டி நின்றார்.

அவர் கேட்பவை இவை. பெரிய மேசையில் தைரியமாக ஆடுவது எப்படி? பயந்தாங்கொள்ளி என்ற டேபிள் இமேஜை (மேசையில் மற்றவர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தை) மாற்றுவது எப்படி? நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை இருப்பதாகச் சொல்கிறார்களே, போடலாமா? கடைசியாக: "மேடம், ஆடாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது."

அன்புள்ள வாசகருக்கு,

சரி, ஆடாதே என்று ஆரம்பிக்கவில்லை. நான் போக்கர் ஆடுபவள் இல்லை. ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் ஆடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மொழி புரியாமல் அவர்களுக்கு உதவ முடியாது என்பதால் இதன் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அந்தக் கணக்கிலிருந்தே பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறேன். குயின் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி, "அந்த 48,000-ஐப் பார்த்ததும் மூன்று மாத ஈ.எம்.ஐ. என்று தோன்றிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்.

அந்த இடத்தில் ஒரு ஆட்டக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 48,500 பாட்டுக்கு 48,000 வந்தால், மூன்றில் ஒரு தடவை அது பொய்யாக இருந்தாலே கால் செய்வது நஷ்டமில்லை. இந்த ஆள், இப்படி ஏஸ் விழுந்த இடத்தில், மூன்றில் ஒரு தடவையாவது பிளஃப் அடிப்பவரா? அடிப்பவர் என்றால் கால், இல்லையென்றால் ஃபோல்டு. இப்படி யோசித்து நீங்கள் ஃபோல்டு செய்திருந்தால், அவர் சீட்டைத் திருப்பிக் காட்டிய பிறகும் அது நல்ல முடிவாகவே இருந்திருக்கும். ஆனால் உங்கள் மனது எதிராளியை எடைபோடவே இல்லை. அது மாதக் கடைசிக்குப் போய்விட்டது. சிப்ஸ் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லைகள்) உங்கள் கண்ணுக்குச் சிப்ஸாகத் தெரியவில்லை, 16,000 ரூபாய்த் தவணையாகத் தெரிந்தது.

அதனால் உங்களுக்குத் தைரியம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. 100/200 மேசையில் இதே ஆள்தான் ஐந்து மாதம் கை நடுங்காமல் ஆடியிருக்கிறார். மேசை மாறியதும் நடுங்குகிறது என்றால், இழக்கக்கூடாத பணத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறோம் என்று உடம்பு சொல்கிறது. அது சொல்வது உண்மை. அந்தப் பணம் சீட்டு எடுத்த பணம். எடுத்த சீட்டுக்கு இன்னும் 11 மாதம் தவணை கட்ட வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் அது சேமிப்புகூட இல்லை, கடன்.

மேசையில் உங்களுக்கு வைத்த பெயர்

இப்போது இமேஜுக்கு வருகிறேன். 'வாத்தியார்' என்ற பெயரைக் குறையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது தவறான அனுமானம்.

அமெரிக்காவில் டான் ஹாரிங்டன் என்று ஒருவர். நல்ல கைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர் என்று பெயர் வாங்கியவர். 1995-இல் லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தார். 2003-இல் 839 பேரில் மூன்றாவது, 2004-இல் 2,576 பேரில் நான்காவது. அந்த 2004 இறுதி மேசையில் ஒருவர் ரைஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி) இன்னொருவர் கால் செய்திருந்தபோது, ஹாரிங்டன் வெறும் 6, 2 என்ற குப்பைக் கையை வைத்துக்கொண்டு பெரிதாக ரைஸ் செய்தார். எல்லோரும் ஃபோல்டு செய்தார்கள். 'இந்த மனிதர் கையில் பெரியது இல்லாமல் வர மாட்டார்' என்ற எண்ணம்தான் அன்று அவருக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தது. வாத்தியார் என்ற பெயர் உங்களுக்கும் அப்படிப்பட்ட ஒரு முதல். ஐந்து மாதமாகச் சேர்த்தது.

அதை எங்கே செலவழித்தீர்கள் என்று பாருங்கள். 50,000 பாட்டுக்கு 70,000 தள்ளினால் அந்த பிளஃப் பத்தில் ஆறு தடவையாவது பலித்தால்தான் கட்டுப்படியாகும். ஆனால் எதிரில் இருந்தவரைப் பற்றி நீங்களே "அவர் எதையுமே ஃபோல்டு செய்ய மாட்டார்" என்று முந்தைய பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்! டேபிள் இமேஜ் என்பது கவனிக்கிறவரிடம் மட்டுமே வேலை செய்யும். தன் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் வாத்தியாரா போக்கிரியா என்பதே தெரியாது. அந்த 70,000 எதிராளியின் கையை நோக்கிப் போகவில்லை. போன தடவை சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லத்தான் போனது.

இன்னொன்று. அந்தச் சிரிப்பு உங்கள் காதில் இரண்டு மாதமாக ஒலிக்கிறது, அவர்களுக்கு அடுத்த கை வந்ததுமே மறந்திருக்கும். தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவரைப் போடச்சொல்லி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே போய் வந்தவர், பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். என்னிடம் வருபவர்களில் மேடைப் பேச்சுக்குப் பயப்படுகிறவர், மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகத் தயங்குகிறவர் என்று எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நடுக்கமும் மாத்திரையும்

கை நடுங்கினால் பயம் தெரிந்துவிடும் என்கிறீர்கள். பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். திடீரென்று ஒருவர் கை நடுங்கினால், பெரிய கை வந்த பரபரப்பு என்றே பலரும் எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். எனவே நடுக்கம் உங்களைக் காட்டிக்கொடுக்கிறது என்பது முழு உண்மை இல்லை.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் பழகுவதாக எழுதியிருந்தீர்கள். 2013-இல் மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரின் குழு, உலகத் தொடர் ஆட்டங்களின் வீடியோத் துண்டுகளை மாணவர்களுக்குக் காட்டியது. முகத்தை மட்டும் பார்த்தவர்களால் யார் கையில் நல்ல சீட்டு என்று சொல்ல முடியவில்லை. சிப்ஸைத் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருந்தவர்களின் கை தடங்கல் இல்லாமல் போனதாம். ஆகவே பழக வேண்டுமென்றால் கையைப் பழக்குங்கள். நல்ல கையோ மோசமான கையோ, சீட்டை ஒரு தடவைதான் பார்ப்பது, ஐந்து எண்ணுவது, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி சிப்ஸை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கையை மேசை விளிம்பில் வைத்துக்கொள்வது. எப்போதும் ஒரே மாதிரி செய்தால் படிக்க எதுவும் இருக்காது.

மாத்திரை வேண்டாம். உங்கள் நண்பர் சொன்னது பீட்டா பிளாக்கர் வகை. இரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுப்பது. மேடை நடுக்கத்துக்கும் மருத்துவர்கள் சில நேரம் எழுதித் தருவார்கள். நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை, ஆனாலும் உங்கள் கடிதத்தில் "சின்ன வயதில் வீசிங் இருந்தது" என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. ஆஸ்துமா இருந்தவர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, மது புழங்கும் இடத்தில், யாரோ பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதோடு, உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையை மருந்து போட்டு அமுக்கிவிட்டு அதே பணத்தோடு உட்காருவதை நினைத்தால் எனக்கு உங்கள் நடுக்கத்தைவிட அதிகப் பயமாக இருக்கிறது.

120 மணி நேரம் எதைச் சொல்கிறது

நீங்கள் பெரிய மேசைக்கு ஏறியதற்கே காரணம், சின்ன மேசையை ஜெயித்துவிட்டோம் என்ற நம்பிக்கை. அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

நேரில் ஆடும்போது மணிக்குச் சுமார் 30 கைதான் வரும். 120 மணி நேரம் என்றால் 3,600 கை. இந்த ஆட்டத்தில் வெறும் சீட்டு விழும் அதிர்ஷ்டத்தாலேயே ஏறி இறங்கும் அளவு, உத்தேசமாக 100 கைக்கு 90 பெரிய பிளைண்ட் என்று ஆட்டக்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். கை கூடும்போது இந்த ஏற்ற இறக்கம் அதே மடங்கில் கூடாது, அதன் வர்க்கமூலத்தின்படிதான் கூடும்; 36 மடங்குக் கைக்கு 6 மடங்கு. ஆக 3,600 கைக்கு அது 540 பிளைண்ட் ஆகும். 200 ரூபாய் பிளைண்டில் 1,08,000 ரூபாய். உங்கள் லாபம் 1,20,000. அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் சமமாக ஆடுகிற ஏழு பேர் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே 1,20,000 ரூபாயோடோ அதற்கு மேலோடோ எழுந்து போயிருப்பார், தன்னைத் திறமைசாலி என்றும் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் திறமைசாலி இல்லை என்று நான் சொல்லவில்லை. 120 மணி நேரத்தில் அது தெரியாது.

இதே நியாயப்படி 3,20,000 போனதும் உங்களை மோசமான ஆட்டக்காரர் ஆக்காது. ஒரு லட்ச ரூபாய் மேசையில் அது மூன்று பை-இன் (உட்காரக் கட்டும் தொகை), சாதாரணச் சறுக்கல். நல்ல ஆட்டக்காரருக்கும் வரும். அதனால்தான் கவனமாக ஆடுபவர்கள், போக்கருக்கென்றே தனியாக ஒதுக்கிய பணத்தில் 20, 30 பை-இன்னாவது இல்லாமல் ஒரு மேசையில் உட்காருவதில்லை. உங்கள் மேசைக்கு அது 30 லட்சம் வரை. 100/200-க்கே ஆறு லட்சம். உங்களிடம் போக்கர் பணம் என்று இருந்தது 1,20,000, அதுவும் போய்விட்டது. கடுமையாகத் தெரிந்தால் மன்னியுங்கள்: இன்றைய தேதியில் உங்களிடம் போக்கர் பணம் என்று ஒரு ரூபாயும் இல்லை.

2003 உலகத் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் சாமி ஃபார்ஹாவை பிளஃப் அடித்து ஃபோல்டு செய்ய வைத்த காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கணக்காளர். 86 டாலர் கட்டி ஆன்லைன் தகுதிச்சுற்றில் நுழைந்து அந்தப் போட்டிக்கு வந்தவர். அந்த நொடியில் தோற்றிருந்தாலும் இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர் அவர் கைக்கு வந்திருக்கும். வீட்டுப் பணம் எதுவும் அந்த மேசையில் இல்லை. உங்கள் 70,000-ஐ அதோடு ஒப்பிடாதீர்கள்.

சட்டமும் வரியும், சுருக்கமாக

ஆன்லைன் தடைச் சட்டம் நேரில் ஆடுவதைத் தொடவில்லை, அதனால் அப்பார்ட்மென்ட் ஆட்டம் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். அங்கே வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலும் பங்கு எடுக்கிறார். இடம் கொடுத்து அதில் காசு பார்ப்பதும், அப்படிப்பட்ட இடத்தில் ஆடிக்கொண்டிருப்பதும் தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும். திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னதும் உண்மை. ஆனால் அது மாநில அரசின் ஆன்லைன் சட்டம் பற்றிய வழக்கு. கதவைத் தட்டும் போலீஸிடம் அந்த வாதத்தைச் சொல்லிப் பயனில்லை. அதை வழக்கறிஞர்தான் பிறகு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். மேசையில் ஒருவர் உங்களுக்குத் தர வேண்டிய 40,000-ஐ வழக்குப் போட்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பந்தயப் பணத்துக்கான ஒப்பந்தம் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி செல்லாது. அதை எதிர்பார்த்து எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

வரி இன்னும் மோசம். சீட்டாட்டத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம், மேலே செஸ் என்ற கூடுதல் வரி. தோற்றதை அதில் கழிக்க முடியாது. "கூடுதல் வருமானம்" என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

போனதை அதே மேசையில் எடுத்துவிடலாம் என்பது ஒரு வழி. மீதி மூன்று லட்சத்தோடு அடுத்த மாதம் கோவா போவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று பை-இன் எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். மறுபடி 100/200-க்கு இறங்குவது இரண்டாவது வழி. நியாயமாகத் தெரிகிறது, ஆனால் அதற்கும் சீட்டுப் பணத்தில்தான் கைவைக்க வேண்டும்.

நான் சொல்வது மூன்றாவது. மூன்று மாதம் எந்த மேசையிலும் உட்கார வேண்டாம். கோவா டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அந்த மூன்று லட்சத்தை மனைவியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கணக்கில் போடுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஆட ஆசை இருந்தால், அவருக்குத் தெரிந்தே மாதம் 5,000 ரூபாய் தனியாக ஒதுக்கி, பங்கு எடுக்காத நண்பர் வீட்டில், 1,000 ரூபாய் பை-இன்னில் ஆடுங்கள். உங்கள் இமேஜ், பிளஃப், கை ஓட்டம் எல்லாவற்றையும் அங்கேயே பழகலாம். சீட்டுக்கட்டு அதே 52தான்.

இந்த மூன்று மாதம் எனக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லும். சூதாட்ட நோய் என்று நாங்கள் முடிவு செய்ய ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்போம். 12 மாதத்துக்குள் நான்கு இருந்தால் சிகிச்சை தேவை. போனதை எடுக்கத் திரும்பப் போவது, நெருங்கியவர்களிடம் மறைப்பது ஆகிய இரண்டும் உங்கள் கடிதத்தில் தெளிவாக இருக்கின்றன. தொகையை ஏற்றிக்கொண்டே போவது மூன்றாவதாக இருக்கலாம். ஆடாமல் இருக்கும்போது எரிச்சலும் தவிப்பும் வந்தால் நான்காகிவிடும். அப்படி வந்தால் மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நேரில் வாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அங்கே யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மேலே எழுதிய எதுவும் நடக்காது. இந்த வாரமே, மகள் தூங்கிய பிறகு உட்காருங்கள். "கொஞ்சம் நஷ்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள், இரண்டு லட்சம் என்று தொகையைச் சொல்லி ஆரம்பியுங்கள். கோபம் வரும், அழுகை வரும். அன்றைக்கே சமாதானம் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறு வருட எக்ஸெல் கோப்பைத் திறந்து காட்டுங்கள், நீங்கள் கண்மூடித்தனமாக ஆடியவர் இல்லை என்பதும் அதில் அவருக்குத் தெரியும். கடைசி மூன்று ஆட்டத்தை மட்டும் அதில் இன்னும் ஏற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வரிகளை இன்று ராத்திரியே ஏற்றிவிடுங்கள்.